கூறையும் கூந்தலும்: பழவங்காடி வழியே ஒரு மணக்கோல வரலாறு

திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டைக்கு அருகில் பழவங்காடி அமைந்துள்ளது. பெயரின் முதற்பகுதி பழத்தைக் குறிப்பதன்று. 'பழைய அங்காடி' என்பதே அதன் இயல்பான பொருள். இன்று இப்பகுதியின் அடையாளமாக நிற்பது பழவங்காடி கணபதி கோயில். பத்மநாபபுரத்தில் நாயர் படைவீரர்கள் வழிபட்டுவந்த கணபதி, திருவிதாங்கூரின் தலைநகரம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவனந்தபுரத்திற்கு மாறியபோது அவர்களோடு இங்கே வந்தார் என்பது கோயில் வரலாறு. சமஸ்தானப் படை இந்திய இராணுவத்தோடு இணைந்த பின், கோயிலின் பொறுப்பும் இராணுவத்திடம் சென்றது. கோயிலின் ஒரு பக்கம் பத்மநாபசுவாமி கோயிலும் அதைச் சூழ்ந்த தமிழ் அக்கிரகாரங்களும் உள்ளன. மறுபக்கம் திவான் ராஜா கேசவதாசர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய சாலைக் கடைத்தெரு நீள்கிறது.

ஆக, நடந்தே கடக்கக்கூடிய ஒரு பரப்புக்குள் நாயர் தறவாடும் ஐயர் அக்கிரகாரமும் தமிழ் வணிகர் குடியிருப்பும் கிறித்தவ ஆலயமும் அடங்குகின்றன. நூறாண்டுகளுக்கு முன் இங்கு ஒரு மணப்பெண்ணின் தலையையும் உடையையும் கண்டாலே அவளது குலத்தைச் சொல்லிவிட முடியும். இன்று அது எளிதன்று. இந்த மாற்றம் அழகுணர்ச்சியின் வளர்ச்சியாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. 'புடவைக்கு ஏற்ற சிகை எது' என்ற கேள்வியை ஒப்பனைக் கலைஞரின் கேள்வியாகவே பலரும் கருதுகின்றனர். வரலாற்றை நோக்கினால், உடையையும் கூந்தலையும் பொருத்திவைத்தது பெரும்பாலும் மணமுறையே என்பது தெரியவரும். திருமணத்தின் சட்டப்பொருள் மாறியபோது மணமகளின் உடை மாறியது; உடை மாறியபோது கூந்தலும் மாறியது.

சொற்களிலிருந்து தொடங்கலாம். தமிழில் உடையைக் குறிக்கும் பழஞ்சொற்கள் பல வெட்டுதலிலிருந்து பிறந்தவை. 'துணி' துணித்தலிலிருந்தும், சங்க காலத்து 'அறுவை' அறுத்தலிலிருந்தும் வந்தன. மணப்புடவையைக் குறிக்கும் 'கூறை' கூறு என்பதோடு உறவுடையதாகக் கருதப்படுகிறது. மலையாளத்தில் திருமணத்திற்கு வழங்கிய 'புடமுறி' என்ற சொல்லும் துணியை முறித்தலையே சுட்டுகிறது. கூந்தலுக்கான சொற்களோ கட்டுதலிலிருந்து பிறந்தவை. முடித்தலிலிருந்து 'முடி' வந்தது. பின்னுதலிலிருந்து 'பின்னல்' வந்தது. பண்டை உரையாசிரியர்கள் 'ஐம்பால்' என்பதற்கு முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை எனக் கூந்தலை ஒப்பனை செய்யும் ஐந்து வகைகளைப் பொருளாகக் கூறினர். தறியிலிருந்து அறுத்தெடுக்கப்பட்டது உடை. உடலிலிருந்து அறுபடாமல் முடிக்கப்பட்டது கூந்தல். தென்தமிழகத்தில் 'கல்யாணம் முடித்தல்' என்றால் மணம் செய்வித்தல். பூ முடிப்பதும் தாலி முடிச்சுப் போடுவதும் பெண்ணை முடித்துக்கொடுப்பதும் ஒரே வினையில் அடங்குகின்றன.

இந்த இணைப்பு பழமையானது. அகநானூற்றில் தமிழர் திருமணத்தை விரிவாகக் காட்டும் பாடல்கள் இரண்டு. நல்லாவூர் கிழார் பாடிய 86ஆம் பாடலில் மகளிர் மணப்பெண்ணை நீராட்டுகின்றனர். நீரோடு சொரிந்த பூவிதழ்களும் நெல்லும் அவள் கூந்தலில் தங்கி நிற்கின்றன. விற்றூற்று மூதெயினனார் பாடிய 136ஆம் பாடலில் புத்தாடை போர்த்த மணமகளின் ஆடையைத் தலைவன் சற்றே விலக்க முயல்கிறான். அவள் நாணி, பூமாலையை நீக்கிவிட்டுக் கூந்தலின் இருளுக்குள் தன் உடலை மறைத்துக்கொள்கிறாள். உடை அகன்ற இடத்தில் கூந்தலே உடையாகிறது. முதற்பாடலில் கூந்தல் சடங்கு நிகழும் இடம். இரண்டாம் பாடலில் அதுவே இரண்டாவது ஆடை. இவ்விரு பணிகளையும் மணமகளின் கூந்தல் பின்வந்த நூற்றாண்டுகளிலும் செய்தது. எந்தப் பணியை எப்போது செய்தது என்பதே வேறுபட்டது.

கோட்டையைச் சுற்றி வாழ்ந்த நாயர் குடும்பங்களின் மணமுறையை முதலில் காணலாம். மருமக்கள்வழி மரபில் பெண்ணுக்கு இரண்டு சடங்குகள் நடந்தன. பூப்பெய்தும் முன் நடந்தது கெட்டுகல்யாணம் எனப்பட்ட தாலிகட்டு. பெரும்பாலும் தறவாட்டின் சிறுமியர் பலருக்கு ஒரே வேளையில், நான்கு நாள்கள் வரை பந்தலிட்டு, விருந்திட்டு அது நிகழ்ந்தது. வயது வந்தபின் நடந்தது 'புடவகொட' எனப்பட்ட சம்பந்தம். விளக்கின் முன் ஆடவன் பெண்ணுக்கு ஒரு கோடித்துணியைக் கொடுப்பான்; அவள் பெற்றுக்கொள்வாள்; சடங்கு அத்துடன் முடிந்துவிடும். தமிழில் 'புடவை' என்பது அன்றாடம் உடுத்தும் சேலை. மலையாளத்தில் 'புடவ' என்பது மணத்தையே நிகழ்த்தும் பொருள்.

ஆடம்பரம் முழுவதும் சிறுமியின் சடங்கைச் சார்ந்திருந்தது. வளர்ந்த பெண்ணின் இணைவு எளிமையாக நடந்தது. இதனால் வயது வந்த நாயர் மணமகளுக்கென்று தனியான சிகைக்கோலம் ஒன்று வளர வேண்டிய தேவை குறைவாகவே இருந்தது. அவள் அன்றாடம் இட்டுக்கொண்ட கொண்டையே மணநாளிலும் இருந்தது. பூவும் பொன்னும் சற்றுக் கூடியிருக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் ஓவியங்களிலும் ஒளிப்படங்களிலும் அக்கொண்டையைக் காணலாம். எண்ணெய் தேய்த்த கூந்தலை மேலே வாரி, தலையின் ஒரு பக்கமாக, பெரும்பாலும் இடப்புறமாகச் சாய்த்து முடிந்திருப்பர். நீராடிய பின்னோ காதோரத்து மயிரிழைகளை மெல்லியதாகப் பின்னி, எஞ்சியதை உலர விட்டிருப்பர். இது 'குளிப்பின்னல்' எனப்படும். உடையோ முண்டும் நேரியதும். நேரியது தோளில் படியும் மெல்லிய துணியாதலால் முதுகும் கழுத்தும் மறைவதில்லை. மேலே முடிந்த கொண்டை அந்த உடையோடு இயல்பாகப் பொருந்தியது. அந்தத் துணிக்கும் தமிழ்த் தொடர்பு உண்டு: நகருக்குத் தெற்கே நாகர்கோவில் சாலையில் உள்ள பாலராமபுரத்தில், பாலராம வர்மாவின் ஆட்சிக்காலத்தில் (1798–1810) தென்தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய சாலியர்களே கசவுக்கரை நெசவை நிலைபெறச் செய்தனர்.

இதே கோட்டைக்குள், சில தெருக்கள் தள்ளி, வேறொரு மணமுறை நிலவியது. அக்கிரகாரத்து மணமகள் கூறைப்புடவையை மணவறைக்கு வந்தபின் பெற்று, ஒன்பது கஜத்தை மடிசாராகக் கட்டிக்கொண்டு வந்த பிறகே தாலி கட்டப்படும். இங்கும் துணி கைமாறுகிறது. ஆனால் துணி இங்கே சடங்கின் ஓர் உறுப்பு மட்டுமே. கன்னிகாதானம், தாலி, ஏழடி ஆகியவை சேர்ந்தே மணம் நிறைவுறும். தலையோ சிறுமிக்குரிய பின்னல். ராக்கொடி, சடைநாகம், குஞ்சலம் ஆகியவற்றோடு, வாழைநாரில் தொடுத்த பூவையோ தாழம்பூ மடலையோ பின்னல்மேல் வைத்துத் தைத்துவிடுவார்கள். பூ தைப்பது கைத்தொழில் நுட்பம் வாய்ந்த வேலை. பெண்ணை அசையாமல் உட்காரவைத்து வீட்டின் மூத்த பெண்களே அதைச் செய்தனர். வைணவ மரபில் ஐயங்கார் மணமகளுக்கு ஆண்டாள் கொண்டை வழக்கமானது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடப்பக்கச் சாய்கொண்டையும் நாயர் பெண்ணின் இடப்பக்கக் கொண்டையும் தோற்றத்தில் நெருங்கியவை. அவற்றின் பொருள் முற்றிலும் வேறு. முன்னது இறைவனை மணந்தவளின் கோலத்தை ஒருநாள் தாங்குவது. பின்னது அன்றாட வாழ்வின் முடி.

இவ்வேறுபாட்டின் கடுமை மணநாளில் தெரிவதில்லை. கணவன் இறந்த நாளில்தான் தெரியும். பார்ப்பன மரபில் கணவனை இழந்த பெண்ணின் தலை மழிக்கப்பட்டது. பூவும் பொட்டும் நீங்கின; நிறமும் கரையுமற்ற நார்மடிப் புடவையின் தலைப்பு மழித்த தலையை மூடியது. உடையும் சிகையும் ஒன்றுக்கொன்று பொருத்தப்பட்ட கோலங்களில் கொடியது இதுவே. குழந்தை மணம் நிலவிய காலத்தில், பூ தைத்துக்கொண்ட சிறுமிகளுள் சிலர் சில ஆண்டுகளுக்குள் இக்கோலத்திற்கு வந்தனர். அ. மாதவையா 1903-இல் 'முத்துமீனாட்சி' நாவலை எழுதியது இந்தச் சூழலில்தான். சம்பந்தம் முறிக்கத்தக்கதாகவும் மறுபடி அமைக்கத்தக்கதாகவும் இருந்த நாயர் மரபிலோ கைம்பெண்ணின் தலையை மழிக்கும் வழக்கம் இல்லை. ஒரு சமூகம் மணநாளில் பெண்ணின் தலையில் எவ்வளவு பொருளை ஏற்றியதோ, அவ்வளவையும் பின்னொருநாள் பறிப்பதற்கான உரிமையையும் தன்னிடம் வைத்துக்கொண்டது. கூந்தலின் அலங்காரத்தைப் பற்றிய எந்த வரலாறும் இந்த மறுபக்கத்தை விட்டுவிட்டு எழுதப்படக் கூடாது.

மூன்றாவது வரலாறு அலங்காரம் மறுக்கப்பட்டவர்களுடையது. திருவிதாங்கூரில் பொன், வெள்ளி அணிகளை அணிவதே சாதிவாரியாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. நாயர்களும் அவர்களையொத்த நிலையினரும் அவ்வுரிமைக்காக 'அடியற' என்னும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. ராணி கௌரி பார்வதி பாயியின் ஆட்சிக்காலத்தில் (1815–1829) அது நீக்கப்பட்டது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டம் 1820-களில் தொடங்கி, 1859-இல் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் அறிவிப்பில் ஓரளவு முடிவு கண்டது. அந்த அறிவிப்புகூட உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்துவதை அனுமதிக்கவில்லை. உடலை மறைக்கலாம், அதே பாணியில் மறைக்கக் கூடாது. பாணி என்பது எவ்வளவு அரசியல் கனம் உடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1915-இல் கொல்லத்தில் அய்யங்காளியின் தலைமையை ஏற்ற புலையர் பெண்கள், தங்கள் சாதியின் அடையாளமாகக் கட்டாயப்படுத்தப்பட்டிருந்த கல்லுமாலைகளைக் கழற்றி எறிந்தனர். அணிகலன் அணிவதைப் போலவே அணிய மறுப்பதும் ஓர் உரிமைக் கோரிக்கை என்பதை அந்நிகழ்வு காட்டியது.

தென்திருவிதாங்கூரின் சீர்திருத்தக் கிறித்தவத் திருமணங்களில் வெள்ளைப் புடவையும் தலைமறைப்பு வலையும் வந்தது இந்த வரலாற்றின் தொடர்ச்சியாகவே. வலை தலையில் நிற்க ஒரு பிடிமானம் வேண்டும். பின்தலையில் இறுகக் கட்டிய கொண்டையே அதற்கு வசதி. சிரியன் கிறித்தவர் மரபில் மணமகன் வீட்டார் தரும் 'மந்திரகோடி'ப் புடவையை மணமகளின் தலையின்மேல் போர்த்துகின்றனர். 'மின்னு' எனப்படும் தாலியைக் கோக்கும் நூலும் அதே புடவையிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது. இங்கே துணி நேரே தாலிக்கயிறாக மாறுகிறது. கூந்தலோ அத்துணிக்கு இடம் தந்து அடங்குகிறது. பூ தைத்த பின்னலுக்கு இந்தச் சடங்கில் இடமில்லை. இவ்வாறு ஒரே நகரில் மூன்று மணமுறைகளும் அவற்றுக்கேற்ற மூன்று தலைக்கோலங்களும் அருகருகே நின்றன.

இவை கலக்கத் தொடங்கியது எப்போது? முதல் அசைவு ஓவியத்தில் தெரிகிறது. திருவனந்தபுரம் அரண்மனையில் ஆயில்யம் திருநாளின் ஆதரவில் வளர்ந்த ராஜா ரவிவர்மா, கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணை வரைந்த ஓவியத்திற்காக 1873-இல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கத்தைப் பெற்றார். அதே ஆண்டில் வியன்னா கண்காட்சியிலும் அவ்வோவியம் பரிசு பெற்றது. உலக அரங்கில் அவருக்குப் பெயர் தந்த படம் ஒரு பெண் தலைவாரும் காட்சி என்பது கருதத்தக்கது. 1889-இல் மைசூர் மன்னருக்காக அவர் வரைந்த இசைக்கலைஞர் குழு ஓவியத்தில் பதினொரு பெண்கள் உள்ளனர். ஒவ்வொருவரின் பகுதியையும் சமூகத்தையும் உடையும் தலையுமே அறிவிக்கின்றன. வீணை ஏந்திய நாயர் பெண் முண்டும் நேரியதும் உடுத்தி அக்குழுவில் அமர்ந்திருக்கிறாள். மறுபக்கம், 1894-இல் பம்பாயில் அவர் நிறுவிய அச்சகம் வீடுதோறும் கொண்டுசேர்த்த லட்சுமியும் சரசுவதியும் சேலை உடுத்தி, நீண்ட கருங்கூந்தலைத் தோளிலும் முதுகிலும் தவழவிட்டவர்கள். வட்டாரத்திற்கு உரியவளாக வரையப்பட்ட பெண் அரண்மனைச் சுவரில் நின்றாள். வட்டாரம் கடந்த பெண் நாட்காட்டியில் ஏறி எல்லா வீட்டுக்கும் சென்றாள்.

இரண்டாவது அசைவு பள்ளியில் நிகழ்ந்தது. முண்டும் நேரியதும், சட்டையும் முண்டும், மடிசார் என ஒவ்வோர் உடையும் சாதியையோ சமயத்தையோ உரக்கச் சொல்லும் நாட்டில், ரவிக்கையோடு உடுத்தும் ஆறு கஜச் சேலை எவருக்கும் முழுச் சொந்தமற்றது. ஆகவே எவரும் எடுத்துக்கொள்ளத்தக்கது. ஆசிரியைகளும் செவிலியரும் மாணவியரும் அதை ஏற்றனர். சேலையின் முந்தானை இடத்தோளின்மீது ஏறி முதுகில் விழுகிறது. இடப்பக்கக் கொண்டையும் இடத்தோள் முந்தானையும் ஒரே பக்கத்தில் நெருக்குகின்றன. கொண்டை தலையின் பின்புறத்திற்கு இறங்கியதற்கும், இளம்பெண்களிடம் பின்னல் பரவியதற்கும் இதை ஒரு காரணமாகக் கொள்ள இடமுண்டு. வகிடு எடுத்து இரட்டைப் பின்னல் இடும் பள்ளிச் சிறுமியின் தலை சாதியைச் சொல்லவில்லை. அவள் மாணவி என்பதை மட்டுமே சொன்னது.

மூன்றாவது அசைவே தீர்மானகரமானது; அது சட்டத்திலிருந்து வந்தது. 1903-இல் தோன்றிய ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமும் 1914-இல் தோன்றிய நாயர் சேவைச் சங்கமும் கெட்டுகல்யாணத்தை வீண்செலவெனக் கண்டித்தன. 1912-ஆம் ஆண்டின் நாயர் சட்டம் சம்பந்தத்தைச் சட்டப்படியான திருமணமாக ஏற்றது. 1925-இன் சட்டம் தறவாட்டுச் சொத்தைத் தனியர்களாகப் பிரித்துக்கொள்ள வழிவிட்டது. தமிழ் பேசிய நாஞ்சில் நாட்டு வேளாளரும் இதே மருமக்கள்வழிச் சிக்கலில் இருந்தவர்களே. அவர்களுக்கான சட்டம் 1926-இல் வந்தது. அதற்கு முன்னமே அந்த மரபை எள்ளி நகையாடி 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' பாடிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். மலையாளமும் தமிழும் பேசிய இருதரப்பாரும் ஒரே காலத்தில், ஒரே அரசின்கீழ், மணம் என்பதன் பொருளை மாற்றிக்கொண்டிருந்தனர்.

இச்சட்டங்களில் கூந்தலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் விளைவு தலையில் தெரிந்தது. சிறுமியின் தாலிகட்டு மறைந்தபோது அதன் பந்தலும் விருந்தும் பொன்னும் மறைந்துவிடவில்லை. அவை வளர்ந்த பெண்ணின் திருமணத்திற்கு இடம்பெயர்ந்தன. விளக்கின் முன் சுருக்கமாக நடந்த புடவகொடையும், பலநாள் நடந்த தாலிகட்டும் ஒரே நாளில் ஒரே மேடையில் ஒன்றாயின. சொத்தும் வாரிசுரிமையும் கணவன் மனைவி உறவைச் சார்ந்தபோது, அந்த உறவு தொடங்கும் நாள் சாட்சிகளையும் ஒளிப்படத்தையும் வேண்டியது. மணமகள் முதன்முறையாகப் பார்க்கப்பட வேண்டியவள் ஆனாள். அன்றாடக் கொண்டை அந்நாளுக்குப் போதவில்லை. திருமணத்தின் எடை கூடக்கூட மணமகளின் தலையின் எடையும் கூடிற்று.

அந்த எடைக்கு வேண்டிய பொருள்கள் தெற்கிலிருந்து வந்தன. நாகர்கோவிலை ஒட்டிய வடசேரியின் பொற்கொல்லர்கள் கோயில் திருமேனிகளுக்கும் தேவதாசியருக்கும் செய்துவந்த சிவப்புக்கல் அணிகள் 'கோயில் நகை' எனப் பெயர்பெற்றவை. இன்று புவிசார் குறியீடும் பெற்றவை. நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, சடைநாகம் எல்லாம் அப்பட்டறைகளில் உருவானவை. இவற்றின் மூதாதைகளைச் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையிலும் காணலாம். மாதவி கோவலனுக்காகப் புனைந்துகொள்ளும் அணிகளின் பட்டியலில் தெய்வவுத்தி, வலம்புரி, தொய்யகம், புல்லகம் ஆகியவை தலைக்கு உரியவை. மணமகளின் தலையணியும் ஆடல்மகளின் தலையணியும் தமிழ் மரபில் ஒன்றையொன்று தொட்டே வந்துள்ளன; இறைவனுக்குப் பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணும் ஒரு மணமகளே எனக் கருதப்பட்டாள்.

திருவிதாங்கூர்க் கோயில்களில் தேவதாசி முறை ரீஜண்ட் ராணி சேது லட்சுமி பாயியின் ஆட்சிக்காலத்தில் (1924–1931) ஒழிக்கப்பட்டது. அப்பெண்களின் வாழ்வாதாரம் சென்றது. அவர்களின் அணிகலனோ நின்றது. 1930-களில் பரதநாட்டியம் புது மதிப்போடு மேடையேறியபோது அவ்வணிகள் நடனமேடைக்கு வந்தன. அங்கிருந்து திரைக்குச் சென்றன. திருவனந்தபுரம் பூஜப்புரையைச் சேர்ந்த லலிதா, பத்மினி, ராகினி சகோதரிகள் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. மலையாளக் குடும்பத்தில் பிறந்து தமிழ்த் திரையில் புகழ்பெற்ற பத்மினி, 1968-இல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் ஆடல்மகளாக நீண்ட பின்னலும் கோயில் நகையும் பூண்டு தோன்றினார். அவருடைய பாட்டிமாரின் தலைமுறை அறிந்திருக்கக்கூடிய இடப்பக்கக் கொண்டையோ, 1930-இல் தொடங்கிய கேரள கலாமண்டலம் மீட்டெடுத்த மோகினியாட்டத்தின் அடையாளமாகப் பின்னர் நிலைபெற்றது. பண்டமாற்று போல ஒன்று நிகழ்ந்துவிட்டது: நடனமகளின் பின்னல் மணமகளுக்குச் சென்றது, இல்லத்துப் பெண்ணின் கொண்டை நடனமகளுக்குச் சென்றது. இன்று இரண்டுமே 'பாரம்பரியம்' என்ற ஒரே பெயரில் வழங்குகின்றன.

பூவும் தெற்கிலிருந்தே வருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த தோவாளைதான் இவ்வட்டாரத்தின் பெரிய பூச்சந்தை. பிச்சியும் மல்லிகையும் அங்கிருந்து பழவங்காடிக்கும் சாலைக்கும் நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது பூந்தோட்டம் ஒரு மாநிலத்திலும் அதைச் சூடும் கூந்தல் மற்றொரு மாநிலத்திலும் ஆயின. வணிகம் நிற்கவில்லை. ஆவணி பிறந்து மலையாளிகளின் சிங்ஙமாதத் திருமணங்கள் தொடங்கினால் தோவாளையில் விலை ஏறுகிறது. ஒரு மாநிலத்தின் முகூர்த்தம் மற்றொரு மாநிலத்தின் சந்தையை ஆள்கிறது.

இன்று திருவனந்தபுரத்து மணமகள் ஒரே திருமணத்தில் இரண்டு மூன்று தலைகளோடு தோன்றுவதுண்டு. கோயில் தாலிகட்டுக்குக் கசவுப்புடவை என்றால் தாழ்ந்த கொண்டையைச் சுற்றி முல்லைச்சரம்; காஞ்சிப் பட்டு என்றால் இடுப்புக்குக் கீழ்வரை நீளும் பூச்சடையும் கோயில் நகையும்; மாலை வரவேற்பில் லெஹங்காவோ கவுனோ என்றால் சுருட்டித் தளரவிட்ட கூந்தல். பட்டின் அகன்ற கரையையும் கனத்த முந்தானையையும் நீண்ட பின்னல் ஈடுகட்டுகிறது. கசவின் வெண்மைக்குப் பூவின் வெண்மை போதுமானதாகிறது. கழுத்துவரை வேலைப்பாடுள்ள கவுனுக்குத் தூக்கிக் கட்டிய கொண்டை இடம்விடுகிறது. ஒப்பனைக் கலைஞர்கள் இவற்றை விதிகளாகவே சொல்கின்றனர். அழகியல் நோக்கில் அவ்விதிகள் பிழையானவையல்ல. ஆனால் அவ்விதிகளுள் நாயர் தறவாடும், அக்கிரகாரமும், தேவதாசியின் மேடையும், கிறித்தவ ஆலயமும் தம் பெயரைத் துறந்து அமர்ந்திருக்கின்றன. சாதி தலையிலிருந்து இறங்கிவிட்டதாகத் தோன்றுவதற்கு இப்பெயர்த்துறப்பும் ஒரு காரணம்.

இறங்காத ஒன்றும் உண்டு. இந்தக் கோலங்கள் அனைத்தும் நீண்ட, அடர்ந்த, நேரான கூந்தலையே அளவுகோலாகக் கொள்கின்றன. குட்டைமுடியும் சுருண்ட முடியும் குறையாகக் கருதப்பட்டு, நேராக்கப்படுகின்றன அல்லது பொய்முடியால் நிரப்பப்படுகின்றன. பொய்முடி புதியதன்று. தமிழில் 'சவுரி' என்றும் மலையாளத்தில் 'திருப்பன்' என்றும் அதற்குப் பழம்பெயர்கள் உள்ளன. சவுரி என்ற சொல் கவரிமாவின் மயிரைக் குறித்த வடசொல்லோடு தொடர்புடையது. பொய்முடி வைப்பது இழுக்கன்று. எந்தப் பெண்ணின் இயல்பான கூந்தல் எந்த மரபின் படத்திலும் இடம்பெறவில்லை என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. கல்லுமாலையை எறிந்த பெண்களின் கொள்ளுப்பேத்திகள் இன்று கோயில் நகை பூண்டு மணமேடை ஏறலாம். அது அவர்கள் வென்றெடுத்த உரிமை. 'கேரள மணமகள்' என்று விளம்பரப் பலகை காட்டும் முகத்தில் அவர்களின் பாட்டிமாரின் தலைக்கோலம் ஏன் ஒன்றுகூட இல்லை என்பது அந்த உரிமையால் மட்டும் தீராத கேள்வி.

இத்துறையில் ஆராய விரும்பும் மாணவர்க்கு அரண்மனை ஆவணங்களும் ஓவியங்களும் ஏற்கெனவே கிடைக்கின்றன. அவை பெரும்பாலும் உயர்குடியினரைக் காட்டுபவை. சாலைத் தெருவின் தமிழ் வணிகக் குடும்பங்கள், பாலராமபுரத்து நெசவாளர்கள், தோவாளைப் பூத்தொடுப்போர், நெய்யாற்றின்கரைக் கிறித்தவக் குடும்பங்கள் ஆகியோரின் வீடுகளில் உள்ள திருமண ஒளிப்படத் தொகுப்புகள் இன்னும் வரலாற்றுச் சான்றாக வாசிக்கப்பட வேண்டியவை. தேதி எழுதப்படாத படத்தில்கூட வகிடு, பின்னல், கொண்டையின் இடம், முந்தானையின் தோள், வலையின் பிடிமானம் ஆகியவை காலத்தையும் மணமுறையையும் சொல்லும். பூ தைத்த மூதாட்டிகளிடமும் வடசேரிப் பட்டறைகளிடமும் அப்பொருள்களின் பெயர்கள் இன்னும் வழக்கில் உள்ளன. ஒரு பொருள் வழக்கொழிந்தால் அதன் பெயரும் விரைவில் வழக்கொழியும். அப்பெயர்களைத் திரட்டும் பணியில் மொழியியலும் சமூக வரலாறும் ஒரே மேசையில் அமர வேண்டியிருக்கிறது.